எஞ்சின் பார்க்க வந்தவர்

பழைய வண்டியா சார் பாக்கப் போறீங்க? தப்பா நெனைக்காதீங்க, நீங்க போன்ல பேசுனது காதுல விழுந்துட்டு. பக்கத்து சீட்டுல இருக்கவன் காதைப் பொத்திக்கிட்டா உக்கார முடியும்? பாவூர்சத்திரத்துல ஒரு சின்ன பெட்ரோல் வண்டி, ஒரே ஓனர், இன்னைக்கே முடிச்சிரணும்னு சொன்னீங்க. நல்லா முடிங்க. ஆனா ஒண்ணு சொல்லுதேன். எஞ்சினை ஒரு தடவ பாருங்க, ரெண்டு தடவ பாருங்க. ஒம்பது தடவ பாக்காதீங்க. விக்கிறவனும் மனுசன்தான். அவனுக்கும் மானம்னு ஒண்ணு இருக்குல்லா.

நான் வித்தவன். வித்தவன்னும் சொல்ல முடியாது. சொல்லுதேன் கேளுங்க, பஸ் இன்னும் பேட்டையே தாண்டல.

எம் பேரு பிரமநாயகம். டவுண்ல கீழரத வீதியில பாத்திரக் கடை. வீடு பாளையங்கோட்டை. வீட்ல நானு, என் வீட்டுக்காரி செண்பகம், என் தங்கச்சி வடிவு. பிள்ளைங்க ரெண்டும் வெளியூர்ல வேலைக்குப் போயிட்டு. வடிவோட மாப்பிள்ளை கைலாசம் ஒம்பது வருசத்துக்கு முன்னால நெஞ்சு வலின்னு ஆஸ்பத்திரிக்குப் போனவரு, திரும்பி வரல. பிள்ளை கிடையாது. நான்தான் போய்க் கூட்டிட்டு வந்தேன். அவளோட ஒரு டிரங்குப் பெட்டியும், கைலாசம் ஆசைப்பட்டு வாங்குன வண்டியும் வந்துச்சு. அரக்கு நிறம். மூணு சிலிண்டர் சின்ன பெட்ரோல் வண்டி.

அதுல இருந்து வடிவு எங்க வீட்ல ராணி கணக்கா இருந்தா. இதை நான் சொல்லக் கூடாது, ஊரு சொல்லும். காலைல அஞ்சு மணிக்கு எந்திச்சு அடுக்களைக்குள்ள போயிட்டான்னா அவளை ஒருத்தர் ஒரு கேள்வி கேக்க முடியாது. என்ன குழம்பு வைக்கணும், எனக்கு மத்தியானம் கடைக்கு என்ன கொடுத்துவிடணும், எல்லாம் அவ ராஜ்ஜியம். எந்த வீட்ல சார் ஒரு தங்கச்சிக்கு இவ்வளவு அதிகாரம் இருக்கு?

வண்டி கார்செட்டுல நின்னுச்சு. மழைன்னா கடைக்கு எடுப்பேன், வெள்ளிக்கிழமை கோயிலுக்கு எடுப்பேன். மத்தபடி அது பாட்டுக்கு நிக்கும். ஆர்.சி. புக்குல வடிவு பேரு. அதனால என்ன, ஒரே வீடுதான.

போன வருசம் எங்க எதுத்த கடைக்காரரு பெரிய வண்டி ஒண்ணு வாங்கிட்டாரு. அவரு கதவைத் திறந்தா கால் நேரா ரோட்டுல படுது. நிமிந்து இறங்குதாரு. நான் நம்ம வண்டியில இருந்து இறங்கணும்னா குனிஞ்சு, முட்டுல கையை ஊனி, முருகான்னு எந்திக்கணும். ஒருநா அவரு பாத்துக்கிட்டே நின்னாரு. அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன், இதைத் தள்ளிட்டுப் பெருசா ஒண்ணு எடுத்துரணும்னு.

"வடிவுகிட்ட கேட்டீங்களா?"ன்னு செண்பகம் கேட்டா.

கேக்காம என்ன. சொன்னேன்லா. சொன்னா கேட்ட மாதிரிதான.

போட்டோ எடுத்து போன்ல போட்டேன். மறுநாளே ஒரு ஆளு கூப்பிட்டாரு. ஆறுமுகநயினார்னு பேரு. ஐ.டி.ஐ.ல மோட்டார் மெக்கானிக் வாத்தியார். நாப்பத்தாறு வயசு. கல்யாணம் ஆகல, அம்மாவைப் பாத்துக்கிட்டே இருந்துட்டாரு, அந்தம்மாவும் முந்துன வருசம் தவறிட்டாங்க. தென்காசிப் பக்கம் மாத்தல் வரப்போவுது, ஒரு சின்ன வண்டி இருந்தா நல்லதுன்னாரு. குரல் தணிவா இருந்துச்சு. நான் ஏமாந்தது அங்கதான்.

"ஞாயித்துக்கிழமை காலைல ஆறு மணிக்கு வாரேன் அண்ணாச்சி. நான் வார வரைக்கும் வண்டிய ஸ்டார்ட் மட்டும் பண்ணிராதீங்க"ன்னாரு.

ஏன்னு கேட்டா, ராத்திரி பூரா நின்ன எஞ்சினை முதல்ல உசுப்பும்போதுதான் அது உண்மையைச் சொல்லுமாம். சூடாயிட்டா எல்லா எஞ்சினும் நல்ல பிள்ளையாயிருமாம்.

நான் யோசிச்சேன். பாத்திரத்தையே நாம தொடைச்சுத்தான காட்டுதோம்? தூசியோடயா எடுத்துக் குடுக்கோம்? அஞ்சரைக்கு எந்திச்சு, ஒரு இருபது நிமிசம் ஓடவிட்டு, அணைச்சுட்டு, ஒண்ணும் தெரியாதவன் மாதிரி பேப்பர் படிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்.

வந்தாரு. நெத்தியில திருநீறு, தோள்ல ஒரு பை. வணக்கம்னாரு. நேரா வண்டிகிட்ட போயி பானட் மேல உள்ளங்கையை வச்சாரு, காய்ச்சல்காரப் பிள்ளை நெத்தியில வைக்குற மாதிரி.

"எங்கயும் போயிட்டு வந்தீங்களா அண்ணாச்சி?"

"பால் வாங்கப் போனேன்."

அந்த நேரம் பாத்து வடிவு காப்பியோட வாரா. "பால்காரர் வீட்டுக்கே வந்து ஊத்திட்டுப் போயிட்டாரேண்ணே"ங்கா. அவளுக்கு வெளியுலகம் தெரியாது சார், பாவம்.

வாத்தியார் சிரிக்கல, கோவப்படல. காப்பியைக் குடிச்சாரு. ஆர்.சி. புக்கைக் கேட்டாரு. பாத்துட்டு, என்கிட்ட பேசாம வடிவுகிட்ட திரும்பி என்னமோ கேட்டாரு. அவ பதில் சொல்லாம உள்ள போயிட்டா. "அடுத்த ஞாயிறு வாரேன்"னு கிளம்பிட்டாரு. அது ஒண்ணு.

ரெண்டாவது ஞாயிறு நான் எந்திச்சுப் பாத்தா சாவியைக் காணோம். தேடுதேன், தேடுதேன். வடிவு இடுப்புல சொருகியிருக்கா. "அவரு ஸ்டார்ட் பண்ணக் கூடாதுன்னாருல்லாண்ணே"ங்கா. சொன்ன வார்த்தையைக் காப்பாத்துற பிள்ளை. நாங்க அப்படி வளத்திருக்கோம்.

அவரு பைக்குள்ள இருந்து ஒரு வெள்ளைக் கைக்குட்டையை எடுத்து சைலன்சர் வாயில பிடிச்சுக்கிட்டு, "யாராவது ஸ்டார்ட் பண்ணுங்க"ன்னாரு. நான் போகுறதுக்குள்ள வடிவு போயி உக்காந்துட்டா. அவளுக்குச் சாவியை எங்க போடணும்னுகூடத் தெரியாதுன்னுதான் சார் நான் நெனச்சிருந்தேன். ஒரு திருகு. எஞ்சின் ஸ்டார்ட் ஆயிட்டு. புகை வந்துச்சு. அவரு அவளைக் கூப்பிட்டுக் காட்டுதாரு. நீலமா வந்தா எஞ்சின் ஆயிலைக் குடிக்குது, கறுப்பா வந்தா பெட்ரோல் கூடுதலாப் போகுது, வெள்ளையா வந்து நிக்காமலே இருந்தா தண்ணி உள்ள இறங்குது. நம்மதுல கண்ணுல பட்டும் படாம நீலமா ஒரு கீத்து வந்து நின்னுட்டு. வேற யாருன்னாலும் கவனிச்சிருக்க மாட்டாங்க. இவரு கவனிச்சுட்டாரு. "அடுத்த வாரம் இன்னொரு தடவ பாத்துருவோம்"ன்னாரு.

மூணாவது வாரம் ஆயில் குச்சியை உருவி நகத்துல தொட்டுப் பாத்தாரு. மூடியைத் திறந்து அடிப்பக்கத்தைப் பாத்தாரு. "இவ்வளவு சுத்தமா இருக்கே, யாரு மாத்துனது?"ன்னாரு. எனக்குத் தெரியாது. நான் மாத்தல. வண்டி நம்ம கைராசியில ஓடுதுன்னு நெனச்சிருந்தேன். வடிவு உள்ள போயி ஒரு பைலை எடுத்துட்டு வந்தா. கைலாசம் வச்சிருந்த பைல். அதுல அவரு எழுதுன தேதிக்குக் கீழயே இவ எழுத்து. ஆறு மாசத்துக்கு ஒருக்க, முக்குல இருக்க மெக்கானிக்கை வரவச்சு மாத்தியிருக்கா. ஒம்பது வருசம். நான் கடைக்குப் போன நேரத்துல. ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லல பாருங்க.

அவரு அந்தப் பைலை ஒவ்வொரு பக்கமாப் படிச்சாரு. எஞ்சின் பாக்க வந்தவருக்கு பைல்ல என்ன சார் சோலி? படிச்சு முடிச்சுட்டு மூடி, ரெண்டு கையாலயும் அவகிட்ட குடுத்தாரு.

நாலாவது வாரம் ஒரு கூத்து. எஞ்சின் ஓடும்போது அது மேல ஒரு டம்ளர் தண்ணியை வைக்கணுமாம். தண்ணி எவ்வளவு ஆடுதுன்னு பாத்தா எஞ்சின் நிதானம் தெரியுமாம். பாத்திர வியாபாரிகிட்ட வந்து டம்ளர் கேக்காரு. எங்க கடையில அடி கனத்த டம்ளர் ஒண்ணு உண்டு, பூகம்பம் வந்தாலும் அசையாது. அதுல கால்வாசித் தண்ணியை ஊத்திக் கொண்டு வந்து வச்சேன். ஆடவே இல்ல. நல்லாருக்குல்லான்னேன்.

வடிவு அதை எடுத்துட்டு, அடுக்களையில இருந்த காத்துல பறக்குற டம்ளரைக் கொண்டு வந்து ததும்பத் ததும்ப ஊத்தி வச்சா. தண்ணி வட்டம் வட்டமா நடுங்குது. போச்சு, வியாபாரம் கெட்டுதுன்னு நெனச்சேன். அவரு என்னடான்னா, "மூணு சிலிண்டருக்கு இவ்வளவு நடுக்கம் இருக்கத்தான் செய்யும். நடுங்கினாலும் கீழ சிந்தல பாருங்க. நல்ல எஞ்சின்"னாரு. எஞ்சினைப் பாத்துச் சொன்னா பரவால்ல. எங்கயோ பாத்துச் சொல்லுதாரு. நானும் திரும்பிப் பாத்தேன், அங்க வடிவு மட்டுந்தான் நின்னுக்கிட்டு இருந்தா.

நல்ல எஞ்சின்னு சொன்னீங்கல்லா, அப்பம் முடிச்சுருவமான்னேன். "பிளக்கைப் பாக்கணும் அண்ணாச்சி"ன்னாரு.

அஞ்சாவது வாரம் பிளக். மூணையும் கழத்திப் பேப்பர்ல வரிசையா வச்சாரு. ரெண்டு பிஸ்கட் நிறத்துல இருக்கு. மூணாவது நுனியில கொஞ்சம் கறுப்பு. அந்த நீலப் புகை இந்த பிளக் இருந்த சிலிண்டர்ல இருந்துதானாம். வால்வு சீல் லேசாத் தேஞ்சிருக்கும், சின்ன வேலைதான், ஆனா வண்டிய நல்லா ஓட்டிப் பாத்து ஆயில் எவ்வளவு குறையுதுன்னு அளந்தாத்தான் நிச்சயமாச் சொல்ல முடியும்னாரு.

"ஓட்டுங்க"ன்னேன்.

"யாரு வண்டியோ அவங்கதான் ஓட்டணும்"னாரு.

வடிவுக்கு லைசென்ஸ் இருக்காம் சார். கைலாசம் உயிரோட இருக்கும்போது எடுத்துக் குடுத்திருக்காரு. டிரங்குப் பெட்டியில கெடந்திருக்கு. ஒரு வீட்ல ஒரு பெட்டிக்குள்ள என்னவெல்லாம் கெடக்கும்னு நாம கண்டோமா?

அப்புறம் ஞாயித்துக்கிழமைன்னா ரெண்டு பேரும் வண்டிய எடுத்துக்கிட்டு ஆயில் அளக்கப் போயிருவாங்க. நான் சும்மா விடுவேனா? வாத்தியார் வண்டிய எங்கயாவது கொண்டு போயிட்டாருன்னா? செண்பகத்தைக் கூட அனுப்புனேன். அவ கெட்டிக்காரி. பின் சீட்டுல உக்காந்து முறப்பநாடு வரைக்கும் போவா. அங்க அவ அக்கா வீடு. அங்க இறங்கி ரெண்டு மணி நேரம் பேசிக்கிட்டு இருப்பா, இவங்க அந்தால போயிட்டு வந்து ஏத்திக்கிடுவாங்க. "வண்டி பத்திரமா இருக்கா?"ன்னு நான் கேட்டா, "எல்லாம் நல்லபடியா ஓடுது"ம்பா. சிரிச்சுக்கிட்டே சொல்லுவா. அவளுக்கு அக்காவைப் பாத்துட்டு வந்த சந்தோசம்.

எட்டாவது வாரம் நானும் போனேன். மலை ஏறணும்னாரு. சின்ன எஞ்சினோட தெம்பு ஏத்தத்துல தெரியுமாம், அதுவும் நாலு பேரு உக்காந்து, ஏசியைப் போட்டு. பாபநாசம் செக்போஸ்ட்டைத் தாண்டி, சொரிமுத்தையனார் கோயிலுக்குப் போற மலைப் பாதை. பாதி மலையில, வளைவுல, வண்டிய நிறுத்துங்கன்னாரு. வடிவு நிறுத்துனா. "இப்பம் பின்னால உருளாம எடுங்க. ஹேண்ட் பிரேக்கை மெதுவா விடுங்க. அவசரம் இல்ல"ன்னாரு.

பின்னால பாத்தேன். பள்ளம். "வேண்டாம் வடிவு, அவரு எடுக்கட்டும், நீ இறங்கு"ன்னு சொல்லுதேன். அவ என் பக்கம் திரும்பல. வாத்தியாரும் கையை மடியில வச்சுக்கிட்டு ரோட்டைப் பாத்துக்கிட்டு சும்மா உக்காந்திருக்காரு. எஞ்சின் ஒருக்க உறுமுச்சு, வண்டி ஒரு நடுங்கு நடுங்குச்சு, அப்புறம் அப்படியே மேல போயிட்டு. ஒரு விரக்கடை பின்னால போகல.

வடிவு சிரிச்சா சார். சத்தமா. ஒம்பது வருசத்துல அந்தச் சிரிப்பை நான் கேக்கல. எனக்கு அவ சின்னப் பிள்ளையா இருக்கும்போது தாமிரபரணியில முங்கி எந்திச்சு சிரிக்குறது ஞாபகம் வந்துட்டு. செண்பகம் சேலை முந்தானையால கண்ணைத் தொடைச்சுக்கிடுதா. ஏசிக் காத்து அவளுக்கு ஒத்துக்கிடாது.

நான் என்ன நெனச்சேன்னா, சரி, வண்டி ஏறிட்டு, இனி இவரு ஒண்ணும் பேச முடியாது, அடுத்த வாரம் முடிச்சிரலாம்னு நெனச்சேன். அதுக்குள்ள இன்னொரு பார்ட்டி வந்தாரு. பானட்டைக்கூடத் திறக்கல. சுத்தி ஒரு நடை நடந்தாரு, டயரை ஒரு எத்து எத்துனாரு, எடுத்துக்கிடுதேன்னாரு. அவரு மனுசன். உடனே பேப்பரை எடுத்து வடிவுகிட்ட நீட்டி, கையெழுத்துப் போடுன்னேன்.

அவ கையைத் தொடைச்சுக்கிட்டு வந்தா. பேப்பரைப் பாத்தா. "வாத்தியார் இன்னும் எஞ்சினைப் பத்தி முடிவாச் சொல்லலையேண்ணே"ன்னா.

"அவரு என்ன சொல்ல? வாங்குறது வேற ஆளு."

"அவரு சொல்லட்டும்"னா. உள்ள போயிட்டா. பேப்பர் மேசையிலயே கெடக்கு. என் முன்னால அவ வேண்டாம்னு சொன்னது கிடையாது சார். அன்னைக்கும் வேண்டாம்னு சொல்லல. ஆனா போடல.

ஒம்பதாவது ஞாயிறு வாத்தியார் வந்தாரு. நான் வாசல்லயே மறிச்சுட்டேன். "ஒரே வார்த்தை. எஞ்சின் நல்லாருக்கா, இல்லையா?"

"நல்லாருக்கு அண்ணாச்சி. ரெண்டாவது வாரமே தெரியும்."

"தெரிஞ்சுக்கிட்டா இத்தனை ஞாயித்துக்கிழமை?"

அவரு பையில இருந்து ஒரு பிளக்கை எடுத்து அதோட நுனியைத் துணியால தொடைச்சுக்கிட்டே நிக்காரு. சுத்தமா இருக்க பிளக்கை எவ்வளவு நேரம் தொடைக்க? அப்பதான் வடிவு வெளிய வந்தா.

"அண்ணே, வண்டிய விக்க வேண்டாம். நான் இவரோட தென்காசிக்குப் போறேன். மதினிக்குத் தெரியும். உங்ககிட்ட எப்படிச் சொல்லன்னு தெரியாமத்தான் இவரு பிளக்கைத் தொடைக்காரு."

நான் சொன்னேன், "வண்டி வேணும்னா கேட்டு வாங்கிட்டுப் போங்க வாத்தியாரே. அதுக்காக இப்படியா?"

"வண்டி எனக்கு வேண்டாம் அண்ணாச்சி. அது அவங்க வண்டி. அவங்ககிட்டயே இருக்கட்டும்"ங்காரு.

எவ்வளவு சாமர்த்தியமான பேச்சு பாத்தீங்களா. அவகிட்ட இருந்தா அவருகிட்ட இருக்க மாதிரிதான. விலை பேசாம, ஒரு பேப்பர் இல்லாம வண்டி வாசலைத் தாண்டிட்டு.

வடிவுகிட்ட கேட்டேன். "உனக்கு இங்க என்னம்மா குறை?"

"குறை ஒண்ணும் இல்லண்ணே"ன்னா. அப்புறம் சொன்னா, "ஒம்பது வருசமா என்கிட்ட யாரும் ஒண்ணும் கேக்கலண்ணே. இவரு முதல் நாள் புக்கைப் பாத்துட்டு, 'வண்டி உங்க பேர்ல இருக்கு, விக்க உங்களுக்குச் சம்மதமா?'ன்னு கேட்டாரு. எனக்கு என்ன பதில் சொல்லன்னே தெரியல. உள்ள போயிட்டேன்."

இது ஒரு பெரிய விசயமா சார்? புக்குல பேரு இருந்தா வாங்குறவன் கேக்கத்தான் செய்வான். சட்டம் அப்படி.

நாலு நாள் அப்படியே போச்சு. கடைக்குப் போனா குடம் கேட்டவங்களுக்கு அண்டாவை எடுத்துக் காட்டுதேன். வீட்டுக்கு வந்தா வடிவு எப்பவும் போல சோறு போடுதா, நான் எப்பவும் போல சாப்பிடுதேன். ஒருநா ராத்திரிச் சாப்பாட்டுக்கு உக்காந்தவன் தட்டைப் பாத்துக்கிட்டே இருந்தேன். செண்பகம் சொன்னா, "அவளுக்கு நாப்பத்தொண்ணு ஆகுது. நாம அவளைக் கூட்டிட்டுத்தான் வந்தோம். கார்செட்டுல நிறுத்துறதுக்கு இல்ல."

அவ எதையோ எதோடயோ முடிச்சுப் போடுவா. இருந்தாலும் சரின்னுட்டேன். குறுக்குத்துறை முருகன் கோயில்ல வச்சுத் தாலி கட்டுனாரு. கடையில இருந்து ஒரு வீட்டுக்கு வேண்டிய அத்தனை பாத்திரமும் குடுத்தேன். அந்தக் கனத்த டம்ளர்ல ஆறு. எல்லாம் முடிஞ்சு கிளம்பும்போது அவ ஓட்டுற சீட்டுல ஏறுதா, அவரு பக்கத்து சீட்டுல உக்காருதாரு. புது மாப்பிள்ளை. கொஞ்சம்கூடக் கூச்சம் இல்ல. தெருவே பாக்கு. எனக்கு இன்னைக்கும் இதுதான் சந்தேகம் சார், அவரு காருக்காகத்தான் கட்டிக்கிட்டாருன்னு. இல்லைன்னா ஒரு மனுசன் ஒரு எஞ்சினை ஒம்பது தடவ பாப்பானா?

அதுக்கப்புறம் நான் பெரிய வண்டி வாங்குனேன். பழசுதான், பெட்ரோல், நாலு சிலிண்டர். நான் அவரு மாதிரி சந்தேகப்படுற ஆளு இல்ல. புரோக்கர் கொண்டு வந்தாரு, பெயிண்ட்டைப் பாத்தேன், முகம் பாக்கலாம், அப்படி இருக்கு. கதவைத் திறந்து நிமிந்து இறங்கிப் பாத்தேன். போதும்னுட்டேன். எஞ்சின் ஏற்கெனவே சூடாத்தான் இருந்துச்சு, அவரு வீட்ல இருந்து ஓட்டிட்டு வந்திருக்காருல்லா.

மூணு வாரம். எதுத்த கடைக்காரரு வாசல்லயே, அவரு பாக்கப் பாக்க, புகையா வந்து நின்னுட்டு. வெள்ளைப் புகை. நிக்கவே இல்ல.

போன் போட்டேன். மாப்பிள்ளைக்கு இல்ல, வடிவுக்குத்தான். அவ கேக்கா, "அண்ணே, ஆயில் மூடியைத் திறந்து பாருங்க. உள்ள பால் காப்பி கணக்கா இருக்கா?"

திறந்து பாத்தேன். இருக்கு. அவ கையால போட்ட காப்பி மாதிரியே இருக்கு.

"ஹெட் கேஸ்கெட் போயிட்டுண்ணே. தண்ணியும் ஆயிலும் கலந்துட்டு. இனி ஸ்டார்ட் பண்ணாதீங்க"ன்னா. அடுக்களையில இருந்த பிள்ளை சார். இப்பம் அங்க பக்கத்து வீட்டு டீச்சர்மாரு ரெண்டு பேருக்கு வண்டி ஓட்டவும் சொல்லிக் குடுக்காளாம்.

மாப்பிள்ளை வந்து கூட நின்னு வேலையை முடிச்சுக் குடுத்தாரு. குறை சொல்லக் கூடாது, கையில அழுக்கு ஒட்டுறதைப் பத்திக் கவலைப்படாத மனுசன். ஆனா இன்னும் என்னைய அண்ணாச்சின்னுதான் கூப்பிடுதாரு, மச்சான்னு வாயில வரல. வண்டி இப்பம் நல்லா ஓடுது.

ஆலங்குளம் தாண்டிட்டா? பேச்சுல கவனிக்கல. நீங்க இறங்குற இடம் பக்கத்துல வந்துட்டு.

நானா? தென்காசிக்குத்தான் போறேன். தங்கச்சி வீட்டுக்கு. சும்மா போகல, சோலியாத்தான் போறேன். இந்தா பாருங்க, இந்தப் பாட்டில்ல இருக்கது எஞ்சின் ஆயில். காலைல வண்டியில இருந்து எடுத்தேன். தேன் கணக்கா இருக்கு, கலங்கல் இல்ல, ஒண்ணும் இல்ல. இருந்தாலும் மாப்பிள்ளை ஒரு தடவ வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்துச் சொல்லிட்டாருன்னா நமக்கு ஒரு நிம்மதி. ஞாயித்துக்கிழமைன்னா அவரும் வீட்ல இருப்பாரு. அவருதான் காப்பி போடுவாரு. வடிவு நாற்காலியில உக்காந்து என்கூடப் பேசிக்கிட்டு இருப்பா. முன்னாடி எங்க வீட்ல அவ உக்காந்து நான் பாத்ததே கிடையாது, இப்பம் என்னமாப் பேசுதாங்கிறீங்க. மத்தியானம் உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் இருக்கும். அதுக்காகப் போறேன்னு நெனச்சிராதீங்க.

எத்தனையாவது தடவையா? எண்ணல சார். வேலை முடிஞ்ச பிறகு, அஞ்சாறு வாரம் இருக்கும்.

வண்டியிலயே போகலாமேன்னு நீங்களும் கேக்கீங்க. போன வாரம் வடிவும் கேட்டா. "இப்படிப் பாட்டிலைத் தூக்கிக்கிட்டு பஸ்ல வாரதுக்கு, வண்டியிலயே வந்துட்டா என்னண்ணே?"ன்னு. நான் இன்னொரு காப்பி கேட்டேன். நீங்களே யோசிச்சுப் பாருங்க, வண்டியையே கொண்டு போயிட்டா அஞ்சு நிமிசத்துல பாத்து முடிச்சிருவாருல்லா.

பாவூர்சத்திரம். இறங்குங்க, பாத்து. பானட்டைத் தொட்டுப் பாத்துக்கிடுங்க சார், சூடா இருந்தா நாளைக்கு வாரேன்னு சொல்லிருங்க. அடுத்த ஞாயிறும் இந்த பஸ்லதான் இருப்பேன். ஏர் பில்டரைக் கழத்திக் கொண்டு போகலாம்னு இருக்கேன். அதுக்கப்புறம் பிளக்கு. என் வண்டியில நாலு இருக்கு. ஒவ்வொண்ணாத்தான் கொண்டு போகணும்.